முழங்காலுக்குப் பின்னால் துடித்தது

அண்ணே,

இன்று காலை கொடைக்கானலில் இருந்து இறங்கி வந்த முதல் பஸ் நம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும், பிரேக் கருகிய வாடை மருந்து அறை வரைக்கும் வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் வேலைக்குப் புதியவர். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே இறக்கியிருக்கிறார். கையில் இருந்த மருந்துச் சீட்டை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பதினாறு வருஷம் இந்தப் பாதையில் பஸ் ஓட்டிய நீங்கள் ஒரு நாளும் இந்த வாடையோடு வந்து நின்றதில்லை. "இறக்கத்துல கியரு பாத்துக்கும். காலுக்கு என்னலே சோலி?" என்பீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காலைப் பற்றி நீங்கள் விளையாட்டாகச் சொன்னதெல்லாம் இப்போது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

பழனி அடிவாரத்தில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, மதுரையில் கம்பவுண்டர் படிப்பை முடித்து, இந்த மலைப்பாதை ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது இங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. இரண்டு அறை, நான்கு கட்டில். வியாழக்கிழமை மட்டும் கொடைக்கானலில் இருந்து டாக்டரம்மா வருவார். மற்ற ஆறு நாளும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அரிவாள் வெட்டு, அட்டைக் கடி எல்லாவற்றுக்கும் நான்தான். வத்தலக்குண்டில் இருந்து வரும் மருந்துப் பெட்டியை மற்ற டிரைவர்கள் கண்டக்டரிடம் சொல்லி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் மட்டும் வண்டியை நிறுத்தி, நீங்களே இறங்கி, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசையில் வைப்பீர்கள். "கண்ணாடிச் சாமானு. எவனாச்சும் தூக்கிப் போட்டான்னா ஒரு ஊருக்கே மருந்து இல்லாமப் போயிரும்" என்றீர்கள் முதல் நாள். அப்படித்தான் நமக்குள் பழக்கம் வந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் நீங்கள். ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் மாதிரி பேசிக்கொள்வோம்.

உங்கள் இடது காலில் ஏதோ சரியில்லை என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வண்டியில் இருந்து வாசலுக்கு நடக்கிற இருபது அடிக்குள் ஒருமுறை நின்று கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொள்வீர்கள். கேட்டால், "நாள் பூரா கிளட்ச மிதிக்கிற காலு, அது கொஞ்சம் மொனங்கத்தான் செய்யும்" என்பீர்கள். நானும் சிரித்துவிட்டு, தேய்த்துக்கொள்ள ஒரு தைலத்தைக் கொடுத்து அனுப்பினேன். மூன்று முறையாவது கொடுத்திருப்பேன்.

எட்டொன்பது வருஷத்துக்கு முன்னால், மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம், ஓட்டம் இல்லாத நாளில் நீங்கள் பயணியாக வந்து இறங்கினீர்கள். முழங்காலுக்குப் பின்னால், மடிகிற இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி.

"இத இன்னைக்கே கீறி விட்டுரு. தைப்பூசத்துக்கு ஸ்பெஷல் வண்டி விடப்போறாக. காலு மடங்க மாட்டேங்குது."

கட்டி என்றால் கீறுவது எனக்குத் தினப்படி வேலை. உங்களைக் குப்புறப் படுக்க வைத்தேன். அந்த இடத்தை மழித்து, அயோடின் தடவி, கத்தியைக் கொதிநீரில் இருந்து எடுத்தேன். கட்டி சிவக்கவில்லை, சுடவில்லை, முனை கட்டவில்லை. இது மூன்றும் என் கண்ணில் பட்டன. ஆனாலும் நான் யோசிக்கவில்லை. ஆழத்தில் இருக்கிற சீழ் என்று முடிவு கட்டிவிட்டேன். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

அப்போது தலையணையில் முகத்தை வைத்தபடியே சொன்னீர்கள்: "வலி ஒண்ணும் பெருசா இல்லலே. வண்டி எஞ்சின அணைக்காம ஐட்லிங்ல நிக்கிற மாதிரி உள்ளுக்குள்ள அடிச்சுக்கிட்டே கெடக்கு. அதான் தூங்க விட மாட்டேங்குது."

கத்தியைப் பிடித்த என் கை நின்றது. இன்னொரு கையின் இரண்டு விரலைக் கட்டியின் இரு பக்கமும் வைத்தேன். துடித்தது. வெறுமனே துடிக்கவில்லை, ஒவ்வொரு துடிப்புக்கும் என் விரல்களை விலக்கித் தள்ளியது. உங்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடியும் கட்டியும் ஒன்றாக அடித்தன. மதுரையில் படித்தபோது ஒரு டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. துடிக்கிற கட்டி ரத்தக் குழாயாக இருக்கலாம், அதில் கத்தி வைத்தால் ரத்தத்தை நிறுத்த முடியாது என்று அவர் சொல்லியிருந்தார்.

"என்னலே, கீறலையா?" என்றீர்கள்.

"டாக்டரம்மா பாக்கட்டும் அண்ணே. நாளைக்கு வியாழக்கிழமைதான" என்றேன். கத்தியைத் தட்டில் திரும்ப வைத்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா உங்கள் இரண்டு காலையும் வெகுநேரம் தொட்டுப் பார்த்தார். வயிற்றையும் அமுக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை உங்கள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது கட்டி இல்லங்க. காலுக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய். அதோட சுவரு ஒரு இடத்துல பலம் கொறஞ்சு, ரத்தம் அழுத்தி அழுத்தி உப்பிப் போச்சு."

நீங்கள் கேட்டீர்கள்: "ரேடியேட்டர் ஹோஸ் மாதிரியாம்மா? பழசாச்சுன்னா ஒரு எடத்துல புடைச்சுக்கிட்டு நிக்கும்."

"அதே மாதிரிதான். ஆனா இந்த எடத்துல அது வெடிச்சிருமோங்கிறதவிட எனக்கு வேற பயம். புடைச்ச எடத்துல ரத்தம் தேங்கி உறைஞ்சு போய்க் கெடக்கும். அதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டு கீழ போச்சுன்னா, பாதத்துக்குப் போற சின்னக் குழாய்கள அடைச்சிரும். அப்புறம் பாதம் கருத்துப் போகும். நீங்க இந்த வாரமே மெட்ராஸ் போகணும்."

"கட்டுப் போட்டா அமுங்காதா?"

"அமுங்காது. பீடியையும் இன்னையோட விட்டுருங்க. குழாயக் கெடுக்குறதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு."

பீடிக்கட்டை அங்கேயே என் மேசையில் வைத்தீர்கள். ஆனால் மெட்ராஸுக்குப் போகச் சம்மதிக்கவில்லை. பூசம் முடியட்டும் என்றீர்கள். இன்னொரு டிரைவருக்கு மஞ்சள் காமாலை. மேல்மலைக் கிராமங்களில் இருந்து காவடி எடுத்து வருகிற ஜனங்களை யார் இறக்குவது என்றீர்கள். அது உண்மைதான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது. வாசலில் நின்று, நான் மட்டும் கேட்கிற மாதிரி, "அங்க போனா கால எடுத்துருவாகன்னு பயமா இருக்கு. காலு இல்லாத டிரைவர நீ பாத்திருக்கியா?" என்றீர்கள். நான் அன்றைக்கு உங்களை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். முந்தின நாள் கத்தி எடுத்த கை எனக்கு. உங்களுக்குப் புத்தி சொல்கிற தைரியம் வரவில்லை.

பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளனே கிளம்பிய வண்டி. உள்ளே முழுக்கக் காவடிக்காரர்கள். அன்று விடியும்போதே உங்கள் இடது பாதம் சில்லென்று இருந்ததாம். பனி என்று நினைத்திருக்கிறீர்கள். நம் ஆஸ்பத்திரிக்கு மேலே இருக்கிற வளைவில் கிளட்சை மிதிக்கக் காலை வைத்தபோது, பாதம் பெடல் மேல் இருக்கிறதா தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வண்டி இரண்டாவது கியரில் இருந்தது. கியரை மாற்றவே வேண்டாம் என்று அந்த ஒரு நொடியில் முடிவு செய்து, வலது காலால் பிரேக்கை மிதித்து, மலைப் பக்கத்துச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினீர்கள். வண்டி உலுக்கிக்கொண்டு நின்றது. எல்லாரும் இறங்கிய பிறகுதான் கண்டக்டரிடம், "எனக்கு எறங்க முடியல. தூக்கு" என்றீர்களாம். ஒருவருக்கும் சிறு காயம்கூட இல்லை. காவடியைப் பாதையோரம் சாய்த்து வைத்துவிட்டு, மஞ்சள் வேட்டிக்காரர்கள் நான்கு பேர் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

உங்கள் பாதம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் நீலம். கணுக்காலில் நாடி இல்லை. வந்தவர்களில் ஒருவர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம் என்றார். இன்னொருவர் மணலை வறுத்துக் கட்டலாம் என்றார். நான் ஒருவரையும் கிட்டே விடவில்லை. ரத்தம் போகாத காலில் சூடு பட்டால் வெந்து போகும், வலிகூடத் தெரியாது. அந்த நாட்களில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். காலைப் பஞ்சில் தளர்வாகச் சுற்றி வைத்தேன். மேலே போன ஒரு லாரியில் டாக்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் தன் காரிலேயே வந்து, ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டு, நம் இரண்டு பேரையும் கொடை ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டார். வழியில் வத்தலக்குண்டில் உங்கள் வீட்டு முன்னால் மதினி கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ கூடவே இருப்பேல்ல?" என்று கேட்டார்கள். மகளைத் தனியே விட்டு வர முடியாத நிலை அவர்களுக்கு. "இருப்பேன் மதினி" என்றேன். அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காலுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பெரிய டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஆறு மாதிரி நேராக இறங்கி வந்த குழாய் முழங்காலில் குளம் மாதிரி விரிந்து, அதற்குக் கீழே ஒரு கிளை பாதியில் அற்றுப்போயிருந்தது. பக்கத்தில் மயிரிழை மாதிரி சின்னச் சின்னக் குழாய்கள். அவைதான் சுற்றுவழியாக ரத்தம் கொண்டுபோய் உங்கள் பாதத்தை இத்தனை நேரம் காப்பாற்றி வைத்திருந்தன என்றார்.

"முன்னெல்லாம் குழாயக் கட்டிட்டு, காலு பிழைக்குதா பிழைக்கலையான்னு காத்துக்கிட்டு இருப்போம். இப்ப அப்படி வேண்டாம். உங்க தொடையில இருந்து ஒரு நரம்பை எடுத்து, வீக்கத்துக்கு மேல ஒரு முனை, கீழ ஒரு முனைன்னு தைச்சு, புதுசா ஒரு வழி போடலாம். பழைய வீக்கத்தை ரெண்டு பக்கமும் கட்டி விட்டுருவோம்" என்றார். நரம்பு என்று அவர் சொன்னது, இதயத்துக்கு ரத்தம் திரும்பிப் போகிற சிரையை. அதற்குள் ஒரு பக்கமாக மட்டும் திறக்கிற சின்னக் கதவுகள் உண்டு என்பதால், தலைகீழாகத் திருப்பி வைத்துத்தான் தைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நீங்கள் கேட்டது ஒன்றுதான். "மலைப்பாதையில மண்ணு சரிஞ்சா மாத்துப் பாதை போடுவாக. அந்த மாதிரி. சரி, போடுங்க. ஆனா எடுத்த எடத்துல குறை வராதா?"

"அந்த வேலைய மத்த நரம்புக பாத்துக்கும்."

ஐந்து மணி நேரம் ஆயிற்று. நான் வராந்தாவில் நின்றேன். உங்களை வெளியே கொண்டுவந்ததும் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாருங்க" என்றார். பாதத்தின் மேல்பக்கம் விரல் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்லியதாக, ஆனால் தப்பாமல், அடித்தது. நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

நீலம் பாய்ந்த இரண்டு விரல்களையும் காப்பாற்ற முடியவில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்தார்கள். வலது காலிலும் இதே இடத்தில் சின்னதாக ஒரு வீக்கம் இருந்தது. ஒரு காலில் வந்தால் மறு காலிலும் அடிக்கடி இருக்கும், அதனால்தான் இரண்டையும் வயிற்றையும் சேர்த்துப் பார்ப்பது என்று சொன்னார்கள். அந்தக் காலின் ஆபரேஷனுக்கு நீங்கள் ஒரு நாள்கூடத் தவணை கேட்கவில்லை. "துண்டு பிச்சுக்கிட்டு போறதுக்கு முந்தியே செஞ்சிருங்க. வெரசாச் செய்யுங்க" என்றீர்கள். அந்தக் காலில் ஒரு விரலும் போகவில்லை.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மத்தியானம். உங்களுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். இனியும் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நான் கத்திய எடுத்துட்டேன்."

"எடுத்த சத்தம் கேட்டுச்சே."

"நீங்க ஐட்லிங்னு சொல்லலைன்னா கீறியிருப்பேன். கீறியிருந்தா அந்த மேசையிலயே உங்க உசுரு போயிருக்கும். நான் கை வச்சே பாக்கல அண்ணே. கட்டின்னு நீங்க சொன்னீங்க, நானும் கட்டின்னு நெனச்சேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டினீர்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். போகச் சொன்னால் போய்விடலாம் என்று இருந்தேன். நீங்கள் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள்: "நேத்து பூரா ஒன் மேல கோவம்."

"இருக்கணும்ல அண்ணே."

"இப்பவும் கொஞ்சம் இருக்கு. போகப்போகச் சரியாயிரும்." பிறகு, "இனி கத்திய எடுக்குறதுக்கு முந்தி கை வையி. அம்புட்டுத்தான்" என்றீர்கள்.

"மதினிகிட்ட நான் சொல்லணும்."

"இப்பச் சொல்லாத. அவ ஏற்கெனவே பயந்து போய்க் கெடக்கா."

அதற்கு மேல் அந்தப் பேச்சை நீங்கள் ஒரு நாளும் எடுக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு பஸ் ஓட்டும் வேலை இல்லை என்று ஆயிற்று. வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் நேரம் பார்த்து வண்டி அனுப்புகிற வேலை கொடுத்தார்கள். அதில் உங்களுக்கு முதலில் வருத்தம்தான். ஓட்டுகிறவன் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டார்களே என்றீர்கள். ஆனால் கொஞ்ச நாளில் நீங்களாக ஒரு வேலையைச் சேர்த்துக்கொண்டீர்கள். நாற்பது வயதைத் தாண்டிய டிரைவர் எவராவது கெண்டைக்கால் பிடிக்கிறது என்று வாய் திறந்தால் போதும், பெஞ்சில் உட்கார வைத்து முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுவீர்கள். பஸ்ஸுக்குள் இருந்து ஜனங்கள் சத்தம் போடுவார்கள். "நேரமாச்சுங்க" என்று ஒருவர் எட்டிப் பார்த்தால், "இவரு காலு சரியா இருந்தாத்தான் நீங்க ஊரு போய்ச் சேருவீங்க. செத்தப் பொறுங்க" என்பீர்கள். சந்தேகம் வந்தவர்களை என்னிடம் அனுப்பினீர்கள். ஆறு பேரில் நான்கு பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்கு வெறும் நீர்க்கட்டி. உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்த ஆயக்குடி கொய்யாப்பழ லாரி டிரைவர் ஒருவருக்கு மட்டும் நீங்கள் நினைத்தது சரி. அவர் பாதம் கருக்கும் முன்பே மெட்ராஸ் போனார். பத்து விரலோடு திரும்பி வந்து இப்போதும் ஓட்டுகிறார்.

ஏழு வருஷம் அப்படி இருந்தீர்கள். போன வருஷம் பஸ் நிலையத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காலில் பார்த்த நோய்தான், இதயத்தின் குழாயிலும் இருந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. எனக்குத் தகவல் வந்து நான் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் பாதத்தில் கை வைத்தேன். பழக்கத்தில் விரல் அந்த இடத்துக்குப் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, மதினி முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கத்தி எடுத்தது, கை வைக்காதது, நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையில் உயிர் தப்பியது எல்லாவற்றையும். இத்தனை வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன்.

மதினி கேட்டு முடித்தார்கள். "தெரியும் தம்பி" என்றார்கள். "மெட்ராஸ்ல இருந்து வந்த மறுநாளே அவரு சொல்லிட்டாரு. நீயாச் சொல்ற வரைக்கும் ஒன்கிட்டக் காட்டிக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாரு."

எனக்கு உடனே ஒன்று ஞாபகம் வந்தது. உங்கள் மகளுக்குத் தொடையில் கட்டி வந்தது, நீங்கள் மதினியிடம் சொன்ன அந்த நாளுக்கும் பிறகுதான், அண்ணே. வத்தலக்குண்டிலேயே டாக்டர் இருக்க, மதினி அவளைக் கூட்டிக்கொண்டு மலையேறி என்னிடம் வந்தார்கள். நான் வெகுநேரம் விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கீறினேன். சீழ்தான். மதினி பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தெரிஞ்சுமா மதினி பிள்ளைய என்கிட்டக் கூட்டியாந்தீங்க?"

"தெரிஞ்சதுனாலதான். வேற யாரு அம்புட்டு நேரம் கை வச்சுப் பாப்பாக?"

அந்தக் கேள்வியோடுதான் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கிறேன். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் அவசரப்படுவதில்லை, அண்ணே.